கிளியர் சொன்னது யார்?

என் முதல் இரண்டு வீச்சுகளையும் கெடுத்தது என் அப்பா காத்தவராயன். மூன்றாவது வீச்சைத் திருடிக்கொண்டதும் அவர்தான். வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை வெளியே எழுதலாமா என்று கேட்பவர்கள் எங்கள் நெய்வேலி டவுன்ஷிப் விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். வெளிநாட்டுக்குப் போய் விளையாடிவிட்டு வந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் மேடையேறி நினைவுகளைப் பகிர்ந்துகொள்ளும் நிகழ்ச்சி ஒன்று அதில் உண்டு. மற்ற வீட்டு அப்பாக்கள் கொடி ஏறியதைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். அம்மாக்கள் பிள்ளை சின்ன வயதில் எத்தனை இட்லி தின்றது என்று சொல்வார்கள். என் அப்பா என்ன சொல்வார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு வருடம்கூட நடந்தபடி சொன்னதில்லை.

நான் வட்டு எறிகிறவள். பெயர் தேன்மொழி. (குணத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்று என்னோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அப்பா வைத்த பெயர். அதுவும் அவர் தப்புதான்.)

அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டராக இருந்தார். வெட்டிய கரியும் மண்ணும் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அந்த பெல்ட்டில் போகும். அதை ஓடவிடுவதற்கு முன்னால் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். எல்லாருக்கும் அது போதும். என் அப்பாவுக்குப் போதவில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், இளவட்டமாக இருந்தபோது, அவர் ஒரு கல் உடைக்கும் கிரஷரில் கூலிக்குப் போயிருக்கிறார். அங்கே யாரும் குரல் கொடுக்காமல் பெல்ட்டைப் போட்டுவிட்டார்கள். அப்பாவின் கண் முன்னாலேயே கூட நின்றவர் கை போய்விட்டது. அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா பேசவில்லை, ஹாரன் வாங்கிவிட்டார்.

வடலூரில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி ஹாரன். அதை ஒரு பலகையில் பொருத்தி, பேட்டரி இணைத்து, சுவிட்ச் வைத்து, குவார்ட்டர்ஸ் சமையலறையில் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் எந்த மோட்டார் ஓடினாலும் முதலில் அந்த ஹாரன் அடிக்க வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், எதுவானாலும். ஹாரன் கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே போட வேண்டும். இரண்டடி பின்னால் போக வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அப்பா எல்லார் கையையும் எண்ணுவார். அவர், அம்மா, அக்கா, நான். "எட்டும் இருக்கு. கிளியர்" என்பார். அப்புறம்தான் அசையலாம்.

"ஒரு தேங்கா சட்னிக்கு என்னா கூத்துங்க இது?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"சட்னி நாளைக்குக்கூட அரைச்சிக்கலாம். கைய அரைச்சிக்க முடியுமா?"

"மிக்ஸிக்கு மூடி இருக்குதுங்க."

"பெல்ட்டுக்கும்தான் கம்பித் தடுப்பு போட்டு வெச்சிருந்தான்."

அம்மா கையைத் தூக்கினார்.

என் அக்கா பூங்கொடியைப் பெண் பார்க்கக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்தார்கள். அக்கா காபித் தட்டோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். உள்ளே வடைக்கு மாவு போதவில்லை என்று அம்மா கிரைண்டரைப் போடப் போனார். அப்பா வந்தவர்களிடம் "ஒரு நிமிஷங்க" என்று எழுந்துபோய் ஹாரனை அடித்தார். அக்கா தட்டைக் கீழே போட்டாள். இரண்டடி பின்னால் போய்க் கையைத் தூக்கினாள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் முழங்கால் வரைக்கும் காபி. அப்பா அந்த வேட்டியைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வரன் தட்டிப்போனது. அடுத்து வந்தவர் இரண்டாம் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர். ஹாரன் அடித்ததும் சோபாவிலிருந்து எழுந்து, மரியாதைக்கு அவரும் கையைத் தூக்கினார். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள். இப்போது வீட்டில் பத்துக் கை.

இப்படி வளர்ந்தவள் நான். பேச்சு வருவதற்கு முன்னால் கை தூக்கக் கற்றுக்கொண்டேன். அது பழக்கம்கூட இல்லை. தும்மல் மாதிரி, அடக்க முடியாது.

இனி போட்டிக்கு வருகிறேன். ஆசிய அளவிலான போட்டி. எந்த நாடு, எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தேடி வீடியோவைப் பார்ப்பீர்கள். ஏற்கெனவே போதுமான பேர் பார்த்துவிட்டார்கள்.

அப்போது அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில் வாங்கிப்போட்ட மனையில் அஸ்திவாரம் மட்டும் இருந்தது. அதற்குள் கருவேலஞ்செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. நான் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் பெர்மனென்ட் ஆக ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஆகிவிட்டால் குவார்ட்டர்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. சர்வதேசப் போட்டி ஒன்றில் என் பெயருக்கு எதிரே முறையான தூரம் ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். ஜெயிக்கத் தேவையில்லை. தங்கம் தேவையில்லை. மூன்று வீச்சில் ஒன்று செல்லுபடியாக வேண்டும். மூன்றும் தவறினால் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. பிறகு வீடும் இருக்காது.

மூன்றில் ஒன்று. சிரித்துக்கொண்டே விமானம் ஏறினேன். (அந்தச் சிரிப்புப் படத்தை மன்றத்து ஹாலில் பெரிதாக மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.)

எறியும் வரிசையில் முதல் பெயர் என்னுடையது. வட்டத்துக்குள் போய் நின்றேன். மூச்சை இழுத்து, வட்டைப் பின்னால் கொண்டுபோனேன்.

ஹாரன் அடித்தது.

மைதானத்தில் அளவெடுக்க நிற்கிற ஆட்களை எச்சரிக்க அங்கே ஒவ்வொரு வீச்சுக்கு முன்னாலும் ஹாரன் அடிப்பார்களாம். நான் அதுவரை எறிந்த இடங்களிலெல்லாம் கொடி காட்டுவார்கள், இல்லாவிட்டால் "ஏய், தள்ளு தள்ளு" என்று கத்துவார்கள். இது அச்சு அசலாக எங்கள் வீட்டு ஹாரன். அதே கனம், அதே நீளம்.

வட்டைக் கீழே போட்டேன். அது என் கால் கட்டைவிரல் மேலேயே விழுந்தது. இரண்டடி பின்னால் போனேன். இரண்டு கையையும் தூக்கினேன். விரலில் உயிர் போகிறது, ஆனாலும் அசையவில்லை. ஹாரனுக்கும் கிளியருக்கும் நடுவில் அசையக் கூடாது.

யாரும் கிளியர் சொல்லவில்லை.

எதிரே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நடுவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் கையை எண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பின்னால் திரும்பி இன்னொருவரிடம் ஏதோ கேட்டார். நேரலையில் வர்ணனை செய்தவர், இது இந்தியாவில் ஒரு பிரார்த்தனை முறையாக இருக்கலாம் என்றாராம். என் நேரம் முடிந்தது. சிவப்புக் கொடி.

பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கட்டைவிரலில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டேன். அடுத்தவள் எறியப் போனாள். ஹாரன். நான் எழுந்தேன், பெஞ்சுக்குப் பின்னால் இரண்டடி போனேன், கையைத் தூக்கினேன். அதற்கு அடுத்தவளுக்கும் அப்படியே. பக்கத்தில் இருந்த கஜகஸ்தான்காரி முதலில் சிரித்தாள். அப்புறம் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது வீச்சுக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன். வட்டை விரல் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடித்தேன். ஹாரன் அடித்தது. கை கீழே போடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துச் சுழன்றேன். கை என் பேச்சைக் கேட்டது, கால் அப்பா பேச்சைக் கேட்டது. பாதிச் சுழற்சியில் கால் தானாக இரண்டடி பின்னால் போனது. வட்டு பக்கத்து வலையில் மோதி என் காலடிக்கே திரும்பி வந்தது. மறுபடியும் சிவப்புக் கொடி. கொடி இறங்கும்வரை நான் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றேன்.

என் கோச் கேலரியின் முன்வரிசையில் இருந்தார். எங்களுக்கு அவர் மாஸ்டர். காதில் போன் வைத்திருந்தார். அந்த முனையில் நெய்வேலியில் என் அக்கா. வேலி ஓரமாக என்னைக் கூப்பிட்டார்.

"என்னாடி தேனு, போலீஸ் புடிச்ச மாதிரி கையத் தூக்கிகினு நிக்கிற?"

"ஹாரன் அடிக்கிறாங்க மாஸ்டர்."

"அடிச்சா அடிக்கட்டும். உனுக்கு என்னா?"

"யாருமே கிளியர் சொல்ல மாட்டேங்குறாங்க மாஸ்டர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"யாரு சொல்லணும்?"

"எங்கப்பா."

"ஒங்கப்பா நெய்வேலில முறுக்கு தின்னுகினு கீறாருடி. காதுல பஞ்ச வச்சிக்கினு போய் எறி. வூடு போயிடும், தெரியுதா?"

கட்டைவிரலில் கட்டியிருந்த பஞ்சைப் பிய்த்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டேன். அப்படியே மூன்றாவது வீச்சுக்குப் போனேன். அந்த ஹாரன் காது வழியாக வரவில்லை, உள்ளங்கால் வழியாக ஏறியது.

இந்தத் தடவை நான் எதிர்க்கவில்லை. வட்டைக் கீழே வைத்தேன். (போடவில்லை. விரல் பாடம் கற்றிருந்தது.) இரண்டடி பின்னால் போனேன். கையைத் தூக்கினேன். கடிகாரம் ஓடியது. அவ்வளவு பெரிய மைதானத்தில் என் கையை எண்ண ஒரு ஆள் இல்லை. நானே நிமிர்ந்து பார்த்தேன். இரண்டும் இருந்தன.

"ரெண்டும் இருக்கு. கிளியர்" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அந்த நடுவர் மட்டும், அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார். நான் உள்ளே போனேன், வட்டை எடுத்தேன், எறிந்தேன். வெள்ளைக் கொடி ஏறியது. பயிற்சியின்போது செருப்பைப் போட்டுக்கொண்டே நான் எறிகிற தூரம் அது. கடைசிக்கு ஒன்று முன்னால் வந்தேன். எனக்குப் பின்னால் வந்தவளுக்கு முதுகுப் பிடிப்பு. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் பெயருக்கு எதிரே ஒரு தூரம் இருந்தது. வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காதிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டு அழுதேன்.

அந்த நேரம் நெய்வேலியில் நடந்ததை அக்கா சொன்னாள். மன்றத்து ஹாலில் திரை கட்டி நேரலை போட்டிருந்தார்கள். எங்கள் ப்ளாக் முழுக்க வந்திருந்தது. பாதிப் பேர் மைன்ஸ்காரர்கள். முதல் ஹாரன் திரையில் கேட்டதும் அவர்களில் ஒருவர்கூட அசையவில்லை. என் அப்பா, அம்மா, அக்கா, அத்தான் நாலு பேரும் எழுந்து, பின்னால் இருந்த நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய், கையைத் தூக்கி நின்றார்கள்.

"காத்தவராயன், உக்காருங்க. ஸ்க்ரீன் மறைக்குது" என்று பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள்.

"நீங்க மொதல்ல எழுந்திரிங்கய்யா. ஹாரன் அடிச்சிருக்கான், உக்காந்துகினு கீறீங்க" என்றாராம் அப்பா.

சிவப்புக் கொடி ஏறியதும் ஹாலே உச்சுக்கொட்டியது. அப்பா மட்டும் கை தட்டினார். பக்கத்தில் இருந்த மன்றச் செயலாளரின் தோளில் தட்டி, "பாத்தீங்களா சார், என் பொண்ண. கால்ல வுயுந்தாகூட அசையல பாத்தீங்களா?" என்றாராம். செயலாளர் பாவம், என் வீச்சு போன துக்கத்தில் இருந்தவர், திரும்பி முறைத்தார்.

இரண்டாவது வீச்சுக்கும் அதே. ஹாரன், நாற்காலி தள்ளல், கை தூக்கல், சத்தம். மூன்றாவது வீச்சில்தான் அப்பா கிளியர் சொல்ல வாயைத் திறந்தார். திரையில் என் கையைப் பார்த்து, "ரெண்டும் இருக்கு. கிளியர்" என்று ஹால் அதிரக் கத்தினார். திரையில் நான் எறிந்தேன். ஹாலே அவரைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

இங்கேதான் திருட்டு நடந்தது.

நான் ஊருக்கு வந்து இறங்கினேன். மாலை போட்டார்கள். அந்த வருட ஆண்டு விழாவில் நினைவுகளைப் பகிரக் கூப்பிட்டார்கள். நான் ராத்திரியெல்லாம் எழுதிப் படித்து ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். செயலாளர், "மொதல்ல அப்பா ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார். அப்பா ஒரு துணிப்பையோடு மேடை ஏறினார். பைக்குள்ளே என்ன என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்து ஓடுவதற்குள் மைக்குக்கு நேராக வைத்து ஹாரனை அடித்தார்.

பொன்னாடை, பூங்கொத்து, எழுதி வைத்த பேச்சு எல்லாவற்றையும் கீழே போட்டேன். பூங்கொத்து சிறப்பு விருந்தினரின் சாம்பார் வடையில் விழுந்தது. இரண்டடி பின்னால் போனேன். மூன்றாவது அடிக்கு மேடை இல்லை. இரண்டடியோடு நிற்கப் பழகியிருந்தது என் அதிர்ஷ்டம்தான். கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். முந்நூறு பேர் பார்த்தார்கள்.

"பாருங்க" என்றார் அப்பா மைக்கில். "ஆசியாலயே ஹாரன் அடிச்சா நிக்கிற ஒரே ஆளு என் பொண்ணுதாங்க. மத்த நாட்டுக்காரி அத்தினி பேரும் ஹாரன மதிக்காம எறிஞ்சிட்டாளுங்க. ரெண்டு தபா அங்க எவனும் கிளியர் சொல்லல. மூணாந்தபா நான் இங்கேர்ந்து சொன்னேன். எறிஞ்சா. அது நான் சொன்ன கிளியருங்க."

கைதட்டல் அடங்கவே இல்லை. என் முறை வந்தபோது, "அதான் உங்கப்பாவே சொல்லிட்டாரேம்மா" என்று செயலாளர் மைக்கை வாங்கி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் இதே கதை. துணிப்பை, ஹாரன், "நான் சொன்ன கிளியர்". கூட்டமே எழுந்து கை தூக்குகிறது. எங்கள் ப்ளாக்கில் நான் ஸ்கூட்டரில் போகும்போது ஹாரன் அடித்தால், தெருவில் போகிறவர்களெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். காய்கறிக்காரர் கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டே நிற்கிறார். நான் "கிளியர்" என்று சொன்னால்தான் வழிவிடுகிறார்கள். எனக்கு வேலை கிடைத்தது, பெர்மனென்ட். எந்தப் பிரிவில் என்று கேட்கிறீர்களா? கன்வேயர். ஷிப்டுக்குப் பத்துத் தடவை ஹாரன் அழுத்துகிறவளே நான்தான். குவார்ட்டர்ஸ் இப்போது என் பெயரில் இருக்கிறது. அப்பா அதே சமையலறையில் அதே சுவிட்சோடு உட்கார்ந்திருக்கிறார்.

நான் கேட்பது ஒரே ஒரு விஷயம். நேரலை பின்தங்கித்தான் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு மாஸ்டர் போட்ட போன் அக்கா காதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்திய கிளியர் முதலில் போனில் கேட்டது, அதற்கு அப்புறம்தான் அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார் என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கிளியர் சொன்னபோது என் வட்டு புல்லில் விழுந்துவிட்டது. இதை மேடையில் வந்து சொல்லுடி என்றால் சாட்சி பல்டி அடிக்கிறாள். "வுடுடி. வயசானவரு, சந்தோஷமா சொல்லிகினு போறாரு" என்கிறாள். அம்மாவைக் கேட்டால், "நீ சொன்னா என்னா, அவரு சொன்னா என்னா, கை இருக்குதில்ல?" என்கிறார்.

சரி, நேரலையை விடுங்கள். அவர் வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். நெய்வேலியில் உட்கார்ந்து சொன்ன கிளியர் கடல் தாண்டி என் காதில் விழும் என்றால், முதல் வீச்சுக்கு ஏன் சொல்லவில்லை? இரண்டாவது வீச்சுக்கு ஏன் சொல்லவில்லை? அந்த இரண்டும் போனது அவர் வாயைத் திறக்காததால்தான் என்று ஆகிறது. விழாது என்றால், மூன்றாவது வீச்சு என்னுடையது. இரண்டில் ஒன்று.

இதை நான் வீட்டில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கேட்டதும் அவர், "உங்கம்மாவுக்கு சட்னி அரைக்கணுமாம்" என்று சொல்லி ஹாரனை அடித்துவிடுகிறார். நான் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுகிறேன். அவர் எங்கள் எல்லாரின் கையையும் நிதானமாக எண்ணிவிட்டுக் கிளியர் சொல்வதற்குள் எனக்குக் கேள்வி மறந்துபோகிறது.

ஆகவே வீட்டில் கேட்கப் போவதில்லை. காத்தவராயன் அவர்களே, வருகிற ஆண்டு விழாவில், அதே மேடையில், அதே முந்நூறு பேருக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அந்தக் கிளியர் யாருடையது? துணிப்பையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் இரண்டு கையையும் நான் எண்ணிக்கொள்கிறேன்.